ஒரு கயிற்றுக்கு ஒரு குரல்

"கத்து மாமா" என்றாள் தனகோட்டி.

நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

மார்கழிக் காலை. இராயபுரம் கடலோரத்தில், ஒரு நிலக்கரிக் கிடங்கின் சுவருக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் நடுவே இருந்த மணல் திடல். இரவு பெய்த மழையில் மணல் கறுத்து இறுகியிருந்தது. மூச்சை இழுத்தால் ஈரக் கரித்தூளும் உப்பும் சேர்ந்து தொண்டையில் இறங்கும். ஊன்றிவைத்த இரண்டு சவுக்குக் கட்டைகளுக்கு நடுவே என் மனைவி பந்தை நெஞ்சோடு அணைத்து நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் யாரோ தூக்கிப் போட்ட கிழிந்த மீன் வலை தொங்கியது. முன்னால், சேலையை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டிய பெண்கள் வரிசையாக நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா அண்ணாத்தே, வாயில கொழுக்கட்டையா?" என்றாள் ஒருத்தி.

"சும்மா இருங்கடி. அது வரும்" என்றாள் தனகோட்டி. என்னைப் பார்த்து மறுபடியும், "ஒரே ஒரு தபா. ஆரியான்னு கத்து" என்றாள்.

வரவில்லை. காது மடல் சூடானது. சுவர்மேல் உட்கார்ந்திருந்த காக்கை ஒன்று எனக்குப் பதிலாகக் கத்தியது. பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். தனகோட்டி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு அது விளையாட்டாக இல்லை.

போன வாரம் எண்ணூர் உப்பு வண்டியைப் பற்றி எழுதும்போது, "என் மனைவி அப்போது கால்பந்து ஆடிக்கொண்டிருந்தாள்" என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டேன். அது எப்படி என்று பலர் கேட்டார்களாம். அந்த ஒரு வரிக்கு இந்த வாரம் முழுவதையும் கொடுக்கிறேன்.

கைதான் என் வாய்

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். துறைமுகத்தில் கப்பல்மேல் வேலை. கப்பலின் வயிற்றிலிருந்து மூட்டைகளை விஞ்சு எந்திரம் தூக்கும்போது, கப்பல் கிடங்கின் திறப்பருகே ஓர் ஆள் நிற்பான். உள்ளே எட்டிப் பார்த்து, தூக்கு, நிறுத்து, இறக்கு என்று விஞ்சுக்காரருக்குச் சொல்பவன் அவன்தான். அந்த ஆள் நான்.

மற்றவர்கள் கத்துவார்கள். நான் கையால் மட்டும் காட்டுவேன். விரலை மேலே சுழற்றினால் தூக்கு. முஷ்டி பிடித்தால் நிறுத்து. உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து அழுத்தினால் இறக்கு. எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாலு பேர் நடுவில் குரல் எழும்பாது. கல்யாணத்தில் மாப்பிள்ளை பெயர் என்ன என்று ஐயர் கேட்டபோதும் என் மாமன்தான் சொன்னார்.

என் விஞ்சை ஓட்டியவர் கஃபூர் பாய். வெள்ளைத் தாடியும் எப்போதும் சிவந்த கண்களுமாக இருப்பார். என் கையைத் தவிர வேறெதையும் பார்க்கமாட்டார். "உன் கை பேசுதுடா மாணிக்கம். வாய் எதுக்கு?" என்பார். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு நான் பல வருஷம் பிழைத்தேன்.

கோணிக் கொட்டகைப் பெண்கள்

யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஊரைக் காலி செய்த பிறகு நடந்தது இது. கிழிந்த கோணிப் பைகளைத் தைக்கும் கொட்டகை ஒன்று துறைமுகத்துக்கு வெளியே இருந்தது. அங்கே ரோசம்மா என்றொரு பெண் வேலை செய்தாள். உயரமானவள், நீண்ட கால்கள். காசிமேட்டுக் கட்டுமரக்காரர் வீட்டுப் பெண். அவளுடைய தம்பிக்கு ஒரு மாலுமி கொடுத்துவிட்டுப் போன தோல் பந்து கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. சாப்பாட்டு வேளையில் பெண்கள் அதைச் சுவரில் உதைத்து விளையாடினார்கள். சுவர் போய் எதிரே ஆள் வந்தது. ஆள் வந்ததும் கோல் வந்தது.

பிறகு ஆஸ்பத்திரி நர்ஸுகள் ஒரு குழு வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பந்தயம் கேட்டார்கள். பெரம்பூர்ப் பக்கம் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஆங்கிலோ இந்தியப் பெண்கள் ஒரு குழு. இப்படி மூன்று நான்கு குழுக்கள் சேர்ந்து, தை பிறந்ததும் ஆரம்பித்து, வெயில் ஏறும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுவதென்று வழக்கமாயிற்று. கப் கிடையாது. வெற்றி பெற்றவர்களுக்குத் தோற்றவர்கள் தேநீர் வாங்கித் தர வேண்டும். நம் பெண்கள் அதிகம் தேநீர் வாங்கித் தந்தவர்கள்.

அந்தக் காலத்துப் பந்தைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே ரப்பர் பை, வெளியே தோல், வாயைக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருக்கும். மழையில் நனைந்தால் அரை மூட்டை உப்பு மாதிரி கனக்கும். கட்டிய பக்கம் நெற்றியில் பட்டால் குங்குமத்துக்கு மேலே இன்னொரு பொட்டு சிவந்து எழும்பும். அந்த இரண்டாவது பொட்டோடு சந்தைக்குப் போன பெண்களை ஊரே திரும்பிப் பார்த்தது. தையல் பிரிந்தால் செருப்புத் தைக்கும் மோச்சியிடம் போகமாட்டார்கள். கோணி ஊசி கையில் இருக்கும்போது மோச்சி எதற்கு?

ஷூ யாருக்கும் இல்லை. வெறுங்கால். சேலைக்குள் புருஷனுடைய அரைக்கால் சட்டை. புருஷன் இல்லாதவர்களுக்கு அண்ணன் தம்பியுடையது. என்னிடம் இரண்டு இருந்தன. ஒன்றை அவள் எடுத்துக்கொண்டாள்.

ஒரே விஞ்சு, ஒரே சொல்

தனகோட்டி எனக்கு அத்தை மகள். கல்யாணத்துக்கு முன்பு அவள் நான் சொன்ன அந்த நிலக்கரிக் கிடங்கில்தான் வேலை செய்தாள். திடலை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம். கல்யாணத்துக்குப் பிறகுதான் கோணிக் கொட்டகைக்கு வந்தாள்.

அங்கே ஒரே ஒரு விஞ்சுதான். அதை ஓட்டுபவர் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருப்பார். சுமை அவர் கண்ணுக்குத் தெரியாது. காதுதான் கண். கரித் தொட்டி அந்தரத்தில் தொங்கும்போது அது சுழலாமலிருக்கப் பெண்கள் பக்கவாட்டில் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். தொட்டி சரியான இடத்துக்கு வந்ததும் வெளியே நிற்பவன் "ஆரியா" என்று கத்துவான். இறக்கு என்று அர்த்தம். விஞ்சு இறக்கும். அந்தக் கணமே பெண்கள் கயிற்றைக் கைவிட்டு விலக வேண்டும். ஒரு கணம் தாமதித்தாலும் கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போய்விடும். அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் ஆளையும் இழுத்துக்கொள்ளும். தனகோட்டியின் வலது உள்ளங்கையில் இன்றைக்கும் அந்தக் கயிற்றின் வழவழப்பான தடம் இருக்கிறது. முதல் வாரத்தில் வாங்கியது. அதற்குப் பிறகு அவள் கை அந்தச் சொல்லை மூளையைக் கேட்காமலே கேட்டுக்கொண்டது.

அந்தச் சொல் எந்த நாட்டுப் பாஷை என்று எனக்குத் தெரியாது. கஃபூர் பாய் அரபு என்பார். ரோசம்மா, போர்த்துகீசியர்கள் கொண்டுவந்தது என்று பங்குச் சாமியார் சொன்னதாகச் சொல்வாள். அந்தக் காலத்தில் கடற்கரையில் அரசியல் கூட்டங்கள் ஓயாமல் நடக்கும். ஒரு மாலை, பேச்சாளர் ஒருவர் ஆரியத்தைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார். "இந்த ஆரியத்தை என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டுச் சோடா குடிக்க நிறுத்தினார். சுவருக்கு அப்பாலிருந்து நீளமாக "ஆ...ரியா!" என்று குரல் வந்தது. தொடர்ந்து தொட்டி தடாலென்று இறங்கியது. கூட்டம் சிரித்ததில் பேச்சாளருக்கும் புரை ஏறிவிட்டது.

அந்தக் குரல் சிங்காரத்துடையது. கிடங்கில் கத்துகிறவன் அவன்தான். ஆள் குள்ளம், குரல் மட்டும் கப்பல் சங்கு. அது இந்தக் கதைக்குத் தேவை.

கை திறந்தது

நான் கத்தப் போய் நின்ற அந்த மார்கழிக்கு முந்தைய ஆட்டக் காலத்தின் கடைசிப் பந்தயம். ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண்களோடு. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கோல். முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். எதிர்ப்பக்கத்துப் பெண் அடித்த பந்து மேல் மூலைக்குப் பறந்தது. தனகோட்டி எம்பி அதை இரண்டு கையாலும் பிடித்தாள். அப்படிப் பிடித்ததை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. ஜனங்கள் கை தட்டத் தொடங்கினார்கள்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஞாயிறென்றாலும் கப்பல் வந்திருந்த வேலை மும்முரத்தில், சிங்காரம் "ஆ...ரியா!" என்றான்.

அவள் கை திறந்தது. அவ்வளவுதான். பந்து அவள் காலடியில் விழுந்து, கோலுக்குள் போயிற்று.

("உருண்டு போச்சின்னு எழுதிடாதே" என்று இதை நான் படித்துக் காட்டும்போது தனகோட்டி சொன்னாள். "உருளலே. ஒரு தபா குதிச்சிட்டுப் போச்சு. நான் பாத்துகினே இருந்தேன்." அவள் சொன்னால் சரி. பார்த்தவள் அவள்தான்.)

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் திடலே விழுந்து விழுந்து சிரித்தது. வேறு ஊராக இருந்தால் ஏன் கையை விட்டாள் என்று யோசித்திருப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு யோசிக்கவே தேவையில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அந்தச் சொல்லுக்குக் கையை விடுகிற ஓர் ஆளாவது உண்டு.

அன்று முதல் அவள் பெயர் தனகோட்டி இல்லை, ஆரியா. தண்ணீர்க் குழாயடியில் குடத்தைத் தூக்கினால் பின்னாலிருந்து "ஆரியா". மீன் சந்தையில் கூடையை இடுப்பில் ஏற்றினால் "ஆரியா". எதிர்வீட்டுக்காரி தன் குழந்தையை அவள் கையில் கொடுக்கும்போது, "பாத்து, எவனாவது கத்திடப் போறான்" என்றாள். தனகோட்டி அந்தக் குழந்தையை வாங்காமல் திரும்பி வந்துவிட்டாள்.

என் அம்மாவும் மாமனும், "போதும் இந்தப் பந்தாட்டம், வீட்டில் இருக்கச் சொல்" என்று என்னிடம் சொன்னார்கள். நான் எதற்கும் பதில் சொல்லாதவன். அதற்கும் சொல்லவில்லை. தனகோட்டியே சொன்னாள்.

"இப்ப வூட்டுல குந்திக்கினா இந்தப் பேரு எங்கூடவே சுடுகாடு வரைக்கும் வரும். இந்த வருஷம் மொத மேட்சு நான்தான் கோலி. அப்பால நீங்க இன்னா சொன்னாலும் கேக்கறேன்."

ரோசம்மா வைத்த பரீட்சை

ஆனால் கோலியாக, அதாவது கோலைக் காப்பவளாக, நிற்பது அவள் கையில் மட்டும் இல்லை. மழைக்காலம் ஓய்ந்து பழக ஆரம்பித்த முதல் நாளே ரோசம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

"த பாரு தனம், எனக்கு உன்மேல கோவம் இல்ல. ஆனா ஊரே அந்த வார்த்தைய தெரிஞ்சி வெச்சிக்கீது. மொத மேட்சுல சுவத்து மேல குந்திகினு நூறு பேரு கத்துவான். நீ கைய வுட்டா நாங்க மறுபடியும் டீ வாங்கித் தரணும். பொங்கலுக்கு முந்தின ஞாயித்துக்கெழமை சிங்காரத்தையே இட்டாந்து கத்த வெப்பேன். கைய வுட்டியானா பட்டுதான் கோலி."

பட்டு என்பவள் கொட்டகையிலேயே இளையவள். நல்ல பெண்தான். வேகமாக ஓடுவாள், பந்து முகத்துக்கு நேரே வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். "எனக்கு வேணாம்க்கா" என்று அவளே ரகசியமாகத் தனகோட்டியிடம் சொன்னாள். "நீ எப்டியாவது புடிச்சிக்கோ. எனக்குப் பயமா கீது."

பழக்கம் கடுமையாக நடந்தது. விடிவதற்குள் வந்துவிடுவார்கள். வேலைக்குச் சங்கு ஊதும்வரை ஓட்டம். கரிச்சாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு மணலில் ஓடினார்கள். தனகோட்டிக்கு மட்டும் தனிப் பழக்கம். அவள் பந்தைப் பிடித்ததும் மற்றவர்கள் சுற்றி நின்று "ஆரியா, ஆரியா" என்று கத்துவார்கள். அவள் கை அசையவில்லை. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் தனகோட்டிக்குத் தெரியும்.

"இவளுங்க கத்தறது கோழி கூவறாப்ல கீது. கை நம்பலே. ஆம்பளை குரலு வேணும். தொறைமுகத்துக் குரலு."

அப்படித்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேன். வாயைத் திறந்தேன், காக்கை கத்தியது.

கஃபூர் பாய் இறக்கவில்லை

மறுநாள் கப்பலில் ஒரு முடிவு செய்தேன். திடலில் பெண்கள் பார்க்கிறார்கள். இங்கே இரைச்சலில் யார் கவனிக்கப் போகிறார்கள்? ஒருமுறை கத்திப் பார்த்துவிடலாம்.

விஞ்சில் கோதுமை மூட்டைகள் தொங்கின. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு, "ஆரியா!" என்றேன். வந்தது. கீச்சென்று இருந்தாலும் வந்துவிட்டது.

கண்ணைத் திறந்தால் மூட்டைகள் அப்படியே அந்தரத்தில் தொங்குகின்றன. கஃபூர் பாய் கைப்பிடியைப் பிடித்தபடி என்னையே பார்க்கிறார். இன்னொரு முறை கத்தினேன். அவர் அசையவில்லை. கீழே இருந்தவர்கள் திட்டத் தொடங்கினார்கள். அவசரமாகக் கையை எடுத்து உள்ளங்கையைக் கவிழ்த்தேன். உடனே இறக்கினார்.

சாப்பாட்டு வேளையில், "ஏன் பாய், காதுல விழலியா?" என்று கேட்டேன்.

"விழுந்துச்சு. அது நீயா? எவனோ பக்கத்து விஞ்சுக்காரன் கத்துறான்னு இல்ல நெனச்சேன்! நாலு விஞ்சு ஓடுது, நாலு பேரு கத்துறான். கேட்ட ஆரியாவுக்கெல்லாம் இறக்குனா கொலைதான் விழும். என் ஆளு சொன்னாத்தான் இறக்குவேன். உன் குரலை நான் கேட்டதே இல்லியே நைனா."

இதை ஒரு வேடிக்கையாகத்தான் வீட்டில் சொன்னேன். தனகோட்டி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"மறுபடியும் சொல்லு. பாய் காதுல அந்த வார்த்தை விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"ஆனா இறக்கலே."

"இறக்கலே. அவரு ஆளு சொல்றான்னு தெரியலே."

அவள் முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கையெல்லாம் மீன் செதில் மின்னியது.

"நான் அந்த வார்த்தைய கேக்காத மாதிரி இருக்கப் பாத்தேன் மாமா. அது முடியாது. அது கைக்குள்ள பூந்துட்டுது. எங்க கெடங்குல ஒரே விஞ்சு. எவன் ஆரியான்னாலும் அது எங்களுக்குத்தான். கப்பல்ல அப்டி இல்லல்ல? கேக்கணும். ஆனா யாரு சொல்றதுன்னு கேக்கணும்." என் பக்கம் திரும்பி, "எனக்கு ஒரு ஆளு வேணும். அவன் சொன்னா மட்டும் வுடுவேன். மத்தவன் எவன் சொன்னாலும் அது பக்கத்து விஞ்சு" என்றாள்.

யார் அந்த ஆள் என்று நான் கேட்கவில்லை. செதில் ஒட்டிய விரலால் அவளே என்னைக் காட்டினாள்.

குரல் வந்த விதம்

வேலை முடிந்ததும் நாங்கள் இருவரும் திருவொற்றியூர்ப் பக்கம் ஆள் இல்லாத கரைக்கு நடந்துபோவோம். பந்துக்குப் பதில் கந்தல் திணித்த கோணிப்பை. அவள் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் அலையைப் பார்த்துத் திரும்பி நின்று கத்துவேன். அவள் முகத்தைப் பார்த்தால் வராது.

முதலில் கீச்சுக் குரல்தான். பத்தடி தூரத்திலேயே அலை அதை விழுங்கிவிடும். அவள் விடமாட்டாள்.

"வவுத்துலேர்ந்து கத்து. தொண்டையிலேர்ந்து கத்துனா வெத்தலை துப்பறாப்ல கீது."

கத்தினேன். அவள் பையை விடுவாள். பிறகு அவளே தடித்த குரலில் கத்திக்கொள்வாள், விடமாட்டாள். கரையில் போன ஒரு வலைக்காரர் நின்று பார்த்துவிட்டு, "புருஷன் பொண்டாட்டி சண்டையா? இவ்ளோ தூரம் வந்தா போடுவீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு சாயங்காலம் என் குரல் திரும்பி வந்தது போல இருந்தது. எங்கிருந்தோ எதிரொலி. கனமான குரல். யாருடையது என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. தனகோட்டி பை காலடியில் கிடக்க நின்றுகொண்டிருந்தாள்.

"அதான்" என்றாள். "அது உன் குரலு. மறந்துடாதே."

சிங்காரம் வந்தான்

பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு. சிங்காரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவர்மேல் ஏறி நின்றான். அவனுக்கு அது திருவிழா. "தனகோட்டி, மன்னிச்சிக்கோம்மா. என் குரலு அப்டி. சாமி குடுத்தது" என்றான்.

"நீ கத்து அண்ணாத்தே. கொறை வெக்காதே" என்றாள் அவள்.

ரோசம்மா ஓடிவந்து ஓங்கி உதைத்தாள். தனகோட்டி பந்தை வயிற்றோடு அமுக்கிப் பிடித்தாள். சிங்காரம் கத்தினான். தனகோட்டியின் விரல்கள் ஒரு நொடி விரிந்ததை நான் பார்த்தேன். விரிந்தவை மறுபடியும் தோலில் பதிந்தன. பந்து விழவில்லை.

மறுபடியும் உதை. மறுபடியும் "ஆரியா". விழவில்லை. சிங்காரத்துக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. பட்டு ஓடிப்போய்த் தோளால் இடித்துப் பார்த்தாள். அப்போதெல்லாம் கோலியை இடிக்கலாம், விதி அப்படி. அப்போதும் விழவில்லை.

சிங்காரம் சுவரிலிருந்து இறங்கினான். "இன்னாம்மா, காதுல பஞ்சா?" என்றான்.

"நல்லாக் கேட்டுது அண்ணாத்தே. அது பக்கத்து விஞ்சு."

அவனுக்குப் புரியவில்லை. ரோசம்மாவுக்கும் புரியவில்லை. ஆனால் ரோசம்மா பந்தைத் தூக்கி அவள் கையில் வைத்து, "நீதான் கோலி" என்றாள். பட்டு போட்ட குதியில் அவளுடைய அண்ணன் அரைக்கால் சட்டை அவிழ்ந்துவிடும்போல் இருந்தது.

என்னைக் கத்தச் சொல்லி அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. எனக்கு நிம்மதி.

தை பிறந்தது

முதல் பந்தயம் அதே ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண்களோடு. ஊரே வந்திருந்தது. சுவர் முழுக்க ஆட்கள். கடலை வறுக்கும் வாசனை, பீடிப் புகை. கப்பல் வந்திருந்ததால் ஞாயிற்றுக்கிழமையும் கிடங்கில் வேலை நடந்தது. சுவருக்கு அப்பால் விஞ்சு முனகிக்கொண்டிருந்தது. நான் எல்லோருக்கும் பின்னால், ஒரு கரிக்குவியல் ஓரமாக நின்றேன். கஃபூர் பாயும் வந்திருந்தார்.

ரோசம்மா சொன்னது போலவே ஆயிற்று. தனகோட்டி பந்தைத் தொட்டபோதெல்லாம் சுவர் முழுக்க "ஆரியா!" வயதானவர்கள், மீசைக்காரர்கள், பொடியன்கள், எல்லோரும். அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பிடித்தாள், உதைத்தாள், பிடித்தாள். ஒரு பந்து அவள் முகத்தில் பட்டு உதடு கிழிந்தது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு மறுபடியும் குனிந்து நின்றாள். நடுவில் நிஜ ஆரியாவும் வந்தது. சுவருக்கு அப்பாலிருந்து சிங்காரம், நிஜத் தொட்டிக்கு. அப்போதும் பந்து அவள் கையில்தான் இருந்தது. ஜனங்கள் கத்துவதை மெல்ல நிறுத்தினார்கள். பிடிக்காமல் இல்லை, அலுத்துப்போய்.

இரண்டு பக்கமும் கோல் இல்லை. கடைசிப் பந்து பறந்து வந்தது. எம்பிப் பிடித்தாள். மேல் மூலையில், போன வருஷம் பிடித்த அதே இடம். விசில் ஒலித்தது. தேநீர் யாரும் யாருக்கும் வாங்கித் தர வேண்டியதில்லை.

விசில் ஊதிய ரெஃப்ரி ஒரு ரயில்வே கார்டு. மரியாதையான மனிதர். பந்துக்காகக் கையை நீட்டினார். தனகோட்டி கொடுக்கவில்லை. நெஞ்சோடு பிடித்தபடி நின்றாள்.

"முடிஞ்சிடிச்சும்மா. பந்தைக் கொடு."

"கொடுக்க முடியாது சார். எங்க ஆளு சொல்லணும்."

"யாரு உங்க ஆளு?"

அவள் என்னைப் பார்த்தாள். அத்தனை தலைகளுக்கு மேலே, உதட்டில் ரத்தத்தோடு, என்னை மட்டும் பார்த்தாள். ரோசம்மா திரும்பினாள். பட்டு திரும்பினாள். சுவர்மேல் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். கஃபூர் பாய் என் பக்கத்திலிருந்து ஓரடி விலகி நின்றார், எல்லோருக்கும் நான் தெரியும்படி.

காது சூடானது. பழக்கதோஷத்தில் கை எழும்பியது, உள்ளங்கை கவிழ்ந்தது. அவள் தலையை ஆட்டினாள். கை போதாது.

வயிற்றிலிருந்து கத்தினேன்.

"ஆ...ரியா!"

பந்து அவள் கையிலிருந்து விழுந்து ஈர மணலில் பதிந்தது. அதே நேரத்தில் சுவருக்கு அப்பால் விஞ்சு கடகடவென்று ஓட, தொட்டி தடாலென்று இறங்கியது. அடியில் ஆள் யாரும் இல்லை என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கூட்டமாய்க் கத்தியதற்கு அசையாத விஞ்சுக்காரர், தனியாக வந்த துறைமுகக் குரலைத் தன் ஆள் என்றே நம்பிவிட்டார்; அங்கே ஒரே விஞ்சு என்று சொன்னேன் அல்லவா?

பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிங்காரத்தின் குரல் வந்தது.

"எவன்டா அவன், என் விஞ்சுக்குக் கத்துனது?"

தனகோட்டி சுவரைப் பார்த்து, கிழிந்த உதட்டோடு, திடல் முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னாள்.

"எங்க வூட்டுக்காரரு!"